வீட்டுல படுகு பேசுறதை நிறுத்தணுமா?

கேள்வி: என் பையனுக்கு 6 வயசு முடிஞ்சிருச்சு, ஒண்ணாவது படிக்கிறான். நாங்க கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர். வீட்டுல படுகு, வெளிய தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ். லேட்டாத்தான் பேசினான், இப்பவும் எதைக் கேட்டாலும் "அது... அங்க..."ன்னு கையைக் காட்டிட்டு நின்னுடுறான். "மூணு மொழி குழப்புது, வீட்டுல படுகு பேசாதீங்க"ன்னு மிஸ் சொல்றாங்க. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான், சரியாயிடும்"ங்கிறாங்க மாமியார். நான் என்ன பண்றது?

பதில்: படுகு பேசுறதை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா. எத்தனை மொழி கேட்டு வளர்ந்தாலும் அதனால குழந்தைக்கு மொழிக் குறைபாடு வராது, பாட்டிகிட்ட பேசுற பேச்சையும் பிடுங்கிட்டா அவனுக்கு இருக்குறதும் போயிடும். பாக்க வேண்டியது ஒண்ணுதான், படுகுலயும் திணறுறானா? இங்கிலீஷ்ல மட்டும் திணறினா அது பழக்கம் பத்தாதது. வீட்டு மொழியிலயே திணறினா டெவலப்மென்டல் லாங்குவேஜ் டிஸ்ஆர்டரா இருக்கலாம், சுருக்கமா டிஎல்டி, அதாவது வளர்ற வயசுல மொழி சரியா பிடிபடாத குறைபாடு. இந்தப் பேரை ஆங்கிலம் பேசுற நாட்டு நிபுணர்கள் 2017-ல கூடி முடிவு பண்ணினாங்க, ஆனா பிரச்சினை புதுசு இல்ல, இங்கிலாந்துல பாத்தப்போ 30 பிள்ளைங்க இருக்குற வகுப்புல சுமார் 2 பேருக்கு இருந்துச்சு.

இந்தப் பிள்ளைங்க உச்சரிப்பு சுத்தமாவே இருக்கலாம், அதனாலதான் யாரும் கவனிக்கிறதில்ல, சொன்ன பேச்சு கேக்க மாட்டான், சோம்பேறின்னு திட்டு வாங்குறாங்க, அதை நினைச்சாத்தான் எனக்கு மனசு தாங்கல. "ஸ்வெட்டரைக் கழட்டி பைக்குள்ள வெச்சிட்டு குடையை எடுத்துட்டு வா"ன்னு கையைக் காட்டாம படுகுல சொல்லிப் பாருங்க. எப்பவும் குடையோட மட்டும் வந்து நின்னா, அது அடம் இல்ல, வாக்கியம் பாதியிலயே நழுவிடுது. இன்னொண்ணு, "அண்ணனை தம்பி துரத்தினான்"ங்கிறதையும் படுகுல சொல்லி யார் துரத்தினதுன்னு கேளுங்க, 'யாரை'ங்கிறதைக் காட்டுற அந்த வார்த்தை முடிவைப் பிடிக்காத பிள்ளை அண்ணன்தான் துரத்தினான்னு சொல்லலாம். ஒரு நாள் தப்பினா கவலை வேண்டாம், ஆனா திரும்பத் திரும்ப நடந்தா காட்டிடுங்க.

முதல்ல காது டெஸ்ட். நம்ம குளிர்ல அடிக்கடி சளி பிடிச்சு காதுக்குள்ள நீர் கட்டியிருந்தாலும் பேச்சு மந்தமாத்தான் இருக்கும். அதுக்கப்புறம் ஸ்பீச் தெரபிஸ்ட். இதுக்கு ரத்த டெஸ்ட், ஸ்கேன் எதுவும் கிடையாது, கதை சொல்ல வெச்சு, வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வெச்சு, அர்த்தமே இல்லாத வார்த்தையைக் கூட சொல்லச் சொல்லித்தான் கண்டுபிடிப்பாங்க, ஆட்டிசம் மாதிரி வேற காரணம் இருக்கான்னும் பாப்பாங்க. லேட்டா பேசுற நிறைய பிள்ளைங்க 4, 5 வயசுக்குள்ள தேறிடுவாங்கங்கிறது உண்மைதான், உங்க பையன் அதைத் தாண்டிட்டான், இனியும் காத்திருக்க வேண்டாம். அப்பாவும் லேட்டா பேசினார்ங்கிறதை மறக்காம சொல்லுங்க, இது குடும்பத்துல வரக்கூடியது. நாக்குல வசம்பு தேய்க்கிறதெல்லாம் வேண்டாம்.

செலவை நினைச்சு தள்ளிப் போடாதீங்க, ஆர்பிஎஸ்கேங்கிற மத்திய அரசு குழந்தை ஆரோக்கியத் திட்டத்துல 18 வயசு வரைக்கும் பாக்குற அரசு டீம் இருக்கு, பேச்சு தாமதமும் அவங்க லிஸ்ட்ல உண்டு, அரசு ஸ்கூல், அரசு உதவி பெறும் ஸ்கூலா இருந்தா அங்க வர்றப்போ பையனைக் காட்டுங்க. தெரபிஸ்ட்டுக்கு படுகு தெரியாம இருக்கலாம், அதனால பாட்டிகிட்ட அவன் பேசுறதை அஞ்சு நிமிஷம் போன்ல ரெகார்ட் பண்ணி எடுத்துட்டுப் போங்க, கூட உக்காந்து என்ன சொல்றான்னு ஒவ்வொரு வரியா நீங்களே சொல்லிக் குடுங்க.