இங்கிலாந்தில் பப்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்தபோது ஏன் அவ்வளவு எதிர்ப்பு? அதில் ஏதாவது நியாயம் இருந்ததா?

கொஞ்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்தை நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் தடை சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். இரண்டுமே ஒரே பப்பில் வேலை பார்த்தபோது எனக்குப் புரிந்தவை.

2006 செப்டம்பரில் ஷெஃபீல்டுக்கு முதுகலை படிக்கப் போனேன். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். காபிக் கடை, சூப்பர் மார்க்கெட், துணிக்கடை என்று ஏறி இறங்கியும் கூப்பிட்டு வேலை கொடுத்தது ஒரே ஒரு பப். மணிக்கு 5.35 பவுண்டு, அப்போதைய குறைந்தபட்சக் கூலி. சாப்பாடு போடாத பப் அது. பியர், உப்புக்கடலை, உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட், அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிப் பேர் எஃகு ஆலைகளில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்கள். அந்த ஊரில் ஆணை ஆணே 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். 'ஒரு பைண்ட் பிட்டர் பியர் குடு, லவ்' என்று எழுபது வயதுக்காரர் கேட்ட முதல் நாளே எனக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது.

ஆனால் அந்தப் புகை. சுவரில் மாட்டியிருந்த பழைய கால்பந்து அணிப் படத்தை ஒருநாள் துடைப்பதற்காகக் கழற்றினேன். படம் இருந்த இடத்தில் மட்டும் சுவர் வெள்ளை. சுற்றிலும் டீ நிறம். எனக்கு அங்கே சொல்லிக்கொடுத்த முதல் வேலை ஆஷ்ட்ரே மாற்றுவது. நிறைந்த ஆஷ்ட்ரேயின் மேல் சுத்தமான ஒன்றை வைத்து மூடி, இரண்டையும் சேர்த்துத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் சாம்பல் பறந்து யாருடைய பியரிலாவது விழும். சனிக்கிழமை ராத்திரி வேலை முடிந்து போனால் என் ஸ்வெட்டரை அறைத்தோழன் உள்ளே விடமாட்டான். கண் எரிச்சல் மறுநாள் மதியம் வரை போகாது. நான் வாழ்க்கையில் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை, ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு இருமல் இருந்தது.

புகையிலை மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. முக்கூடல் பக்கம் பிறந்தவன் நான். சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிய கூலியில்தான் அம்மா எனக்குப் பள்ளிக்கூடப் பீஸ் கட்டினாள். அந்தப் பெரியவர்கள் தாளில் புகையிலைத் தூளை வைத்து விரலால் உருட்டும்போதெல்லாம் அம்மாவின் விரல்கள்தான் ஞாபகம் வரும்.

சரி, எதிர்ப்புக்கு வருகிறேன். அயர்லாந்து 2004 மார்ச்சிலேயே பப் உட்பட எல்லா வேலையிடங்களிலும் தடை போட்டுவிட்டது. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் வந்தது. இங்கிலாந்திலும் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததிலிருந்தே சத்தம் அதிகமாயிற்று. ஓவியர் டேவிட் ஹாக்னி 2005இல், அப்போது ஆட்சியில் இருந்த லேபர் கட்சியின் மாநாடு நடந்த பிரைட்டனுக்கே போய் எதிர்த்துப் பேசினார். 'ஃபாரஸ்ட்' என்று ஓர் அமைப்பு, 1979இல் தொடங்கியது, புகைப்பவர்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தது. அதற்குப் பணம் பெரும்பாலும் சிகரெட் கம்பெனிகளிடமிருந்து வந்தது. அதைக் காட்டி எதிர்த்த எல்லோரையும் கூலிக்கு மாரடிப்பவர்கள் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அது அநியாயம். எங்கள் பப்பில் தடையைத் திட்டியவர்களுக்கு யாரும் ஒரு பைசா கொடுக்கவில்லை. உழைத்து ஓய்ந்த பிறகு மிச்சமிருந்த ஒரே சுகத்தையும் அரசாங்கம் பிடுங்குகிறது என்று அவர்கள் மனதார நினைத்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் ஜான் ரீடே 2004இல் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்: ஏழைக் குடியிருப்பில் தனியாகப் பிள்ளை வளர்க்கிற பெண்ணுக்குச் சில நேரம் சிகரெட் ஒன்றுதான் சந்தோஷம் என்று.

அவர்கள் அதிகம் சொன்ன வாதம் வேறு. 'பப் தனியார் இடம். புகை பிடிக்காவிட்டால் நீ வராதே. உரிமையாளர் முடிவு செய்யட்டும், வாடிக்கையாளர் முடிவு செய்யட்டும்.' கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இதில் மூன்றாவதாக ஓர் ஆள் இருக்கிறான் என்பதுதான் விட்டுப்போகிறது. வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து போவார். நான் எட்டு மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டும். 'வேறு வேலை பாரேன்' என்றார்கள். பார்த்தேன், கிடைக்கவில்லை, அதனால்தான் அங்கே நின்றேன். ராய் காசில் என்று ஒரு கலைஞர், டிரம்பெட் வாசிப்பவர், பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். சிகரெட் பழக்கமே இல்லாதவர் 1994இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். புகை மண்டிய கிளப்புகளில் வருடக்கணக்காக வாசித்ததுதான் காரணம் என்று அவரே சொன்னார். அவருக்கு முன்னால் உட்கார்ந்து புகைத்தவர்கள் எல்லோரும் அவருடைய ரசிகர்கள்.

காற்றை வெளியேற்றும் இயந்திரம் வைத்தால் போதாதா என்பது இன்னொரு வாதம். எங்கள் கவுண்டருக்கு மேலேயே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வந்தது, புகை போகவில்லை.

உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்காத ஒரு விஷயம் உண்டு. எனக்கு இன்றும் கோபம் வருவது அதில்தான். முதலில் திட்டமிட்டது முழுத் தடையே இல்லை. லேபர் கட்சியின் 2005 தேர்தல் அறிக்கையில், சாப்பாடு போடும் பப்களில் மட்டும் தடை. சாப்பாடு போடாத பப்புக்கும் உறுப்பினர்கள் மட்டும் வரும் கிளப்புக்கும் விலக்கு. அந்த மாதிரிப் பப்களில் கவுண்டர் பக்கத்தில் மட்டும் புகைக்கக் கூடாது என்று ஒரு யோசனையும் இருந்தது, புகைக்குக் கோடு போட்டால் தாண்டாது என்பது போல. நல்ல சமரசம்தானே என்று பலர் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். சாப்பாடு போடாத பப்கள் எங்கே இருந்தன என்று பாருங்கள். பணக்காரப் பகுதியில் பப் என்றால் மெனு கார்டு இருக்கும். ஏழைத் தெருவில்தான் வெறும் பியர்க் கடை. அந்த விலக்கு நிலைத்திருந்தால், மெனு கார்டு இருந்த பப்பில் வேலை செய்தவனுக்கு நல்ல காற்று, எனக்குப் பழைய புகை. 2006 பிப்ரவரி 14 அன்று, கொறடா உத்தரவு இல்லாமல் அவரவர் விருப்பப்படி வாக்களித்தபோது, 384க்கு 184 என்று நாடாளுமன்றம் முழுத் தடைக்கே போனது. நான் அந்த ஊருக்குப் போவதற்கு ஏழு மாதம் முன்பு, என்னைப் பார்த்தே இராத 384 பேர் எனக்காகக் கை தூக்கியிருந்தார்கள்.

தடையை ஆதரித்தவர்களும் ஒரு தவறு செய்தார்கள். மாரடைப்பு பாதியாகக் குறையும் என்கிற அளவுக்கு மேடையில் பேசினார்கள். அமெரிக்காவில் ஹெலெனா என்ற சிற்றூரில் தடை இருந்த ஆறு மாதத்தில் மருத்துவமனைக்கு வந்த மாரடைப்புகள் 40இலிருந்து 24 ஆகின என்ற ஆய்வைத் தூக்கிப் பிடித்தார்கள். அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து நாடு முழுவதற்கும் கணக்குப் போட முடியாது. இங்கிலாந்து முழுவதையும் எடுத்து 2010இல் வெளியான ஆய்வு, முதல் வருடத்தில் 2.4 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. சுமார் 1,200 பேர். எனக்கு அந்த 1,200 போதும். பெரிய எண்ணைச் சொல்லி மாட்டிக்கொண்டதால்தான் எதிர்ப்பாளர்கள் எல்லாமே பொய் என்று சொல்ல முடிந்தது.

2007 ஜூலை 1, ஞாயிறு காலை 6 மணிக்குத் தடை அமலானது. முந்தைய ராத்திரி பப் நிறைந்து வழிந்தது. அடுத்த வாரம் புகை போனதும் அதுவரை அது மூடி வைத்திருந்த வாசனைகள் கிளம்பின: பியர் ஊறிய கம்பளம், வியர்வை, கழிப்பறை. கம்பளத்தை மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு வாரத்தில் என் இருமல் நின்றது.

அப்புறம், நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கொஞ்ச நியாயம். மூலை மேசையில் நான்கு பெரியவர்கள் தினமும் டாமினோ ஆடுவார்கள். ஆட்டத்தின் நடுவில் ஒருவர் மாற்றி ஒருவர் வெளியே போய் வந்ததில் ஆட்டம் அறுந்தது. பின்கட்டில் புகைக்க ஒரு கொட்டகை போட்டோம். சுவரில் பாதிக்கு மேல் மூடியிருக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் ஷெஃபீல்டின் ஜனவரிக் காற்று நேராக உள்ளே வரும். அங்கே போக மூன்று படி இறங்க வேண்டும். நால்வரில் ஒருவர் கைத்தடி வைத்திருந்தார், மனைவி இறந்து போயிருந்தார். நவம்பர் வரை இறங்கி ஏறினார். பிறகு வரவில்லை.

பிப்ரவரியில் பப் நடத்திய பெண்மணியும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். சமையலறையில் தனியாக, சூப்பர் மார்க்கெட் பியர் கேனும் ஆஷ்ட்ரேயுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிகரெட்டை அணைத்துவிட்டு எழுந்து பின்கதவைத் திறந்து வைத்தார். 'உனக்கு இது ஆகாதே, லவ்' என்றார். அவருடைய சொந்த வீட்டில், அந்தக் குளிரில்.

தடையால்தான் பப்கள் மூடின என்று சொல்கிறவர்கள் 2008இல் வந்த பொருளாதாரச் சரிவையும், அதே வருடம் தொடங்கி ஆண்டுதோறும் ஏறிய பியர் வரியையும், சூப்பர் மார்க்கெட்டின் மலிவு விலையையும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் எங்களுடையதைப் போன்ற வெறும் பியர்க் கடைகளுக்கு தடை ஓர் அடிதான். அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. சட்டம் போட்டவர்கள் என் நுரையீரலை நினைத்தார்கள். அந்தப் பெரியவர் குளிர்காலத்தில் எங்கே போவார் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு சாய்தளமும் காற்றுத் தடுப்பும் போட எங்களைப் போன்ற சின்னப் பப்களுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கலாம்.

இதனால்தான் 2024 ஆகஸ்டில் பப் தோட்டங்களிலும், அதாவது திறந்தவெளியிலும், புகைக்கத் தடை வரப்போகிறது என்று செய்தி கசிந்தபோது நானும் எதிர்த்தேன். இப்போது லீட்ஸில் இருக்கிறேன். எங்கள் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதினேன். உள்ளே எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு வேறு காற்று இல்லை. தோட்டத்தில் கிளாஸ் பொறுக்கப் போகிறவன் இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடுவான். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று எழுதினேன், கைத்தடி வைத்திருந்த அந்த மனிதரைப் பற்றியும் எழுதினேன். நவம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.