முடி, கத்தி, மெட்ராஸ் சட்டை: 'தி அவுட்சைடர்ஸ்' கேள்வி பதில்

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. எஸ்.ஈ. ஹின்டன் எழுதிய நாவல், 1967இல் வெளியானது. களம் அமெரிக்காவில் ஓக்லஹாமா மாநிலத்து டல்சா. கிழக்குப் பக்கத்து ஏழைப் பையன்கள் 'கிரீசர்கள்', மேற்குப் பக்கத்துப் பணக்காரப் பையன்கள் 'சோஷ்கள்'. பதினாலு வயது போனிபாய் கதை சொல்கிறான். அவனைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்லப் பார்க்கிறது ஒரு சோஷ் கூட்டம். அதில் ஒருவனை நண்பன் ஜானி குத்திக் கொல்கிறான். இருவரும் ஒரு பாழடைந்த தேவாலயத்தில் போய் ஒளிகிறார்கள். முடிவும் கீழே வரும், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

பி.ஏ. இரண்டாம் ஆண்டு, மதுரை: நாவலின் முக்கியக் குறியீடு எது? சூரிய அஸ்தமனமா, ராபர்ட் ஃப்ராஸ்டின் கவிதையா?

இரண்டும் இல்லை, தலைமுடி.

அஸ்தமனத்துக்கும் கவிதைக்கும் ஆசிரியரே அர்த்தம் சொல்லிவிடுகிறார். ஃப்ராஸ்ட் கவிதையை போனிபாய் ஒப்பிக்கிறான். அதன் பொருளை ஜானி கடைசிக் கடிதத்தில் விளக்கியே எழுதிவிடுகிறான். நீங்கள் கண்டுபிடிக்க அங்கே மிச்சம் ஒன்றுமில்லை. முடி அப்படியில்லை, சத்தமில்லாமல் வேலை செய்கிறது. முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். சினிமா பார்த்துவிட்டுத் தனியாக நடந்து வரும் போனிபாயை சோஷ்கள் மடக்குகிறார்கள். ஒருவன் கத்தியைக் காட்டி, 'முடி வெட்டிவிடட்டுமா?' என்கிறான். அடுத்துக் கழுத்தையே வெட்டுவதாக மிரட்டல் வருகிறது. படிக்கும்போது வெறும் ரவுடிப் பேச்சாகத்தான் தெரியும்.

நாலு அத்தியாயம் தள்ளி தேவாலயத்துக்கு வாருங்கள். போலீஸ் அடையாளம் காணக்கூடாது என்று ஜானி கடைக்குப் போய் முடியை வெளுக்கும் பெராக்சைடு வாங்கி வருகிறான். தன் மடக்குக்கத்தியைத் திறந்து போனிபாயின் முடியைப் பிடித்து அறுக்கிறான். அந்தக் கத்தி முந்தைய இரவு என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். எதிரி மிரட்டிய காரியத்தை நண்பன் செய்கிறான், அதுவும் அன்பினால். இதற்குப் பெயர் முன்னுணர்த்தல், கூடவே முரண். ஆசிரியர் ஒரு வார்த்தை விளக்குவதில்லை. கார் வாங்க வக்கில்லை, மெட்ராஸ் சட்டை வாங்க வக்கில்லை, முடியாவது வைத்துக்கொள்ளலாம் என்று பெருமைப்பட்ட பையன்கள் அவர்கள். அந்த ஒன்றும் போனது.

ஆமாம், மெட்ராஸ் சட்டைதான். நம் ஊர்க் கைத்தறிக் கட்டம். 60களில் அங்கே வசதியான வீட்டுப் பையன்களின் அடையாளம் அது. துவைத்தால் சாயம் ஓடும், அதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். இங்கே கைலியில் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத கட்டம் அங்கே ஏழையையும் பணக்காரனையும் பிரித்துக் காட்டியது. ஆடை வழியாக வர்க்கம் காட்டுவது எப்படி என்று கேட்டால் இந்த ஒரு சட்டையை வைத்தே இரண்டு பக்கம் எழுதலாம்.

பிளஸ் ஒன் மாணவி: 'கருப்பொருள்: நட்பு' என்று எழுதலாமா?

கூடாது. ஒற்றைச் சொல் கருப்பொருள் ஆகாது. நட்பைப் பற்றி நாவல் என்ன சொல்கிறது என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். இன்னொன்று: தொல்காப்பியக் கணக்கில் கருப்பொருள் என்றால் அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, பறை. நீங்கள் கேட்பது உரிப்பொருளை, அதாவது அங்கே நிகழும் உணர்வை. அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால் முடி எண்ணெய், மடக்குக்கத்தி, மஸ்டாங் கார் எல்லாம் கிழக்கு, மேற்கு டல்சாவின் கருப்பொருள்கள். முதலில் அவற்றைப் பட்டியல் போடுங்கள், உரிப்பொருள் தானாக வரும்.

டொராண்டோவிலிருந்து ஓர் அம்மா: எட்டாம் வகுப்புப் பையனுக்கு 'கதைசொல்லியை நம்பலாமா' என்று கட்டுரை. எப்படி ஆரம்பிப்பது?

நல்ல கேள்வி கொடுத்திருக்கிறார் அந்த ஆசிரியர். பையனை இரண்டு இடம் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இடம், அண்ணன் டேரி. பெற்றோர் விபத்தில் இறந்தபின் இருபது வயதில் குடும்பத்தைச் சுமப்பவன். அவனுக்குத் தன்னைக் கண்டாலே ஆகாது என்று போனிபாய் பாதிப் புத்தகம் வரை சாதிக்கிறான். மருத்துவமனையில் டேரி அழும்போதுதான் தன் கணக்குத் தப்பியது போனிபாய்க்கு உறைக்கிறது. அதுவரை அவன் கண்ணால் பார்த்த நாமும் ஏமாந்திருக்கிறோம்.

இரண்டாவது, கடைசிப் பகுதி. காய்ச்சலில் கிடந்து எழுந்தபின், பாபைக் (ஜானி குத்திய அந்த சோஷ்) கொன்றது நான்தான், ஜானி சாகவில்லை என்று போனிபாய் அடித்துச் சொல்கிறான். ஜானியோ அதற்குள் செத்திருக்கிறான். பொய் சொல்லவில்லை, தாங்க முடியவில்லை. மனசு எங்கே வழுக்குகிறது என்று காட்டும் கதைசொல்லி அவன். பையன் இவ்வளவு எழுதினாலே போதும்.

படம் பார்த்தால் போதாதா?

போதாது. கொப்போலா 1983இல் எடுத்த படம் நல்ல படம்தான். ஆனால் தேர்வில் கேட்பது புத்தகத்தை.

குறியீடுகள் பட்டியல் வேண்டும், அவசரம்.

முதல் பதில்.

எஸ்.ஈ. ஹின்டன் ஆணா?

பெண். சூசன் எலோயிஸ் ஹின்டன். பையன்கள் கதையைப் பெண் எழுதினாள் என்றால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பாளர் முதலெழுத்துகளைப் போடச் சொன்னார். எழுத ஆரம்பித்தபோது வயது 15, புத்தகம் வந்தபோது 18.

முனைவர் பட்ட ஆய்வாளர், சென்னை: மன்னிக்கவும், இதைக் கும்பல் வாழ்க்கை நாவல் என்பதே தவறு. கவிதை படிக்கிறார்கள், அஸ்தமனம் பார்க்கிறார்கள், எரியும் கட்டடத்திலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்கள். எந்தக் கும்பல் அப்படி?

காத்திருந்தேன், யாராவது கேட்பார்கள் என்று. பாதி ஒத்துக்கொள்கிறேன். கிரீசர்கள் எதையும் விற்பதில்லை. சில்லறைத் திருட்டு உண்டு, தொழில் கிடையாது. 1921இல் கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்களைக் கொன்று குவித்த நகரம் டல்சா. அங்கே நடக்கும் கதையில் முக்கியப் பாத்திரம் ஒன்றுகூடக் கறுப்பினத்தவர் இல்லை. அது குறைதான். ஆனால் மென்மையைப் போலி என்கிறீர்களே, அது சரியில்லை. கிரீசர் கூட்டத்து டேலியைப் பாருங்கள். மிரட்டத்தான் வைத்திருக்கிறேன், குண்டு இல்லை என்று முன்பே சொன்ன துப்பாக்கியை ஜானி செத்த ராத்திரி போலீஸ் முன்னால் எடுத்து நீட்டுகிறான். அவர்கள் சுடுவார்கள் என்று தெரிந்தே. அதில் எங்கே கவிதை?

அதே ஆய்வாளர்: டேலியின் சாவும் காவியச் சாவுதானே? வால்டர் டீன் மையர்ஸின் 'ஸ்கார்ப்பியன்ஸ்' (1988) பக்கத்தில் இது நிற்குமா?

நீங்கள் அதை இழுத்தது நல்லது. ஹார்லெம், 12 வயது ஜமால். அண்ணன் சிறையில். அவன் மேல்முறையீட்டுக்குப் பணம் வேண்டும், அதற்காகத் தம்பி கும்பல் தலைவனாக வேண்டும். கதையை நகர்த்துவது பணம்தான், மானம் இல்லை. ஹின்டனிடம் இல்லாதது அது. கையில் திணிக்கப்பட்ட துப்பாக்கியைப் பள்ளியில் வம்பிழுப்பவனிடம் ஜமால் நீட்டுகிறான், எதிரி நடுங்குகிறான். அந்த ஒரு நிமிட ருசிதான் அவனை அதைத் தூக்கிப் போடவிடாமல் தடுக்கிறது. கடைசியில் சுடுவதோ அவன் நண்பன் டிட்டோ, இரண்டு பேரில் சாதுவானவன். ஹின்டனிடம் பொருள்கள் குறியீடாகின்றன. மையர்ஸிடம் துப்பாக்கி கடைசிவரை துப்பாக்கிதான், அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஆனால் அளவுகோல் ஒன்றில்லை. போனிபாய் 'நான்' என்று பேசுகிறான், எழுதி முடித்தவன் அவன். நாவல் தொடங்கிய வாக்கியத்திலேயே முடிகிறது. நாம் படித்தது அவன் ஆங்கில வகுப்புக் கட்டுரை என்று அங்கேதான் புரிகிறது. ஜமாலைப் படர்க்கையில் சொல்கிறார் மையர்ஸ். நடந்ததை உட்கார்ந்து எழுத ஜமாலுக்கு ஓர் ஆசிரியர் வாய்க்கவில்லை. இரண்டு நாவலுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் இந்த இலக்கண இடத்தில் இருக்கிறது. உங்கள் ஆய்வுக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சார், குறியீடு என்னென்ன?

முடி! மேலே போய்ப் படியுங்கள்.

நாளைக்குத் தேர்வு. நூறு வார்த்தையில் கதைச் சுருக்கம்?

ஆரம்பத்தில் இருக்கிறது. ஒற்றைச் சொல்லில் கருப்பொருள் எழுதிவிடாதீர்கள்.

ஆய்வாளர் மறுபடியும்: ஜமால் ஓவியம் வரைகிறானே? அதுவும் எழுதுவது மாதிரிதானே?

அட. கடைசியில் டிட்டோ ஊரைவிட்டுப் போகும்போது அவனை வரைந்த படத்தைத்தான் கொடுக்கிறான். சரி, மேலே சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.