ஜேசிபி உள்ளே வருவதற்கு முன்: மண் வேலை கேள்வி-பதில்

கே: எங்கள் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) 2 ஏக்கரை மட்டம் தட்டித் தோட்டமாக்கப் போகிறோம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளினால் போதும் என்கிறார் ஜேசிபிக்காரர். சரிதானா? (காங்கேயம்)

ப: அவருக்கு அது சுலபம். நஷ்டம் உங்களுக்கு. நம் கொங்குப் பக்கத்து மானாவாரி நிலங்கள் பலவற்றில் மேலே இருக்கும் முக்கால் அடி, ஒரு அடிதான் மண். அதற்குக் கீழே சுக்கான்கல்லோ (வெள்ளைச் சுண்ணாம்புக்கல்) மொரம்போ (சரளை மண்) வந்துவிடும். மேட்டை அப்படியே வெட்டித் தள்ளினால் நல்ல மண்ணெல்லாம் பள்ளத்தின் அடியில் புதைந்துபோகும். வெட்டிய இடத்தில் சுக்கான் வெள்ளையாகப் பல்லைக் காட்டும். முதலில் மேல்மண்ணை வழித்து ஓரமாகக் குவித்து வையுங்கள். வெட்டு வேலை முடிந்ததும் அதையே திரும்பப் பரப்புங்கள். வண்டி வாடகை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

முழு மட்டமும் வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே இரண்டு மூன்று படிகளாகப் பிரித்து வரப்புப் போட்டால் மழைத் தண்ணீர் ஓடாமல் நின்று இறங்கும். கிளுவை வேலியில் கை வைக்காதீர்கள், ஓரத்து மண்ணைப் பிடித்திருப்பதே அதன் வேர்தான். மிச்ச மண்ணை இட்டேரிக்குள் (இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் பாதை) தள்ளுவதும் கூடாது. வேலையைத் தை, மாசியில் முடித்துவிட்டால் ஐப்பசி மழைக்குள் கிளறிய மண் அமுங்கிவிடும். (என்னைக் கேட்டால், மாடு மேயும் கொழுக்கட்டைப்புல் நன்றாக இருக்கிற கொறங்காட்டை நான் தொடவே மாட்டேன்.)

கே: செப்டிக் டேங்குக்கு 8 அடிக் குழி. மண் கெட்டி, முட்டுக் கொடுக்கத் தேவையில்லை என்கிறார் மேஸ்திரி. (சரவணம்பட்டி)

ப: இந்தக் 'கெட்டி மண்' பேச்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு குழியின் விளிம்பில், இரண்டடி தள்ளி, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. உள் சுவரிலிருந்து சர்க்கரை கொட்டுவதுபோலப் பொடிமண் உதிர்ந்துகொண்டிருந்தது. மழையும் இல்லை, சத்தமும் இல்லை. ஆளை மேலே ஏற்றி, டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்தப் பக்கம் மொத்தமும் உள்ளே கிடந்தது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. இடுப்பளவு மூடினாலே ஆள் தானாக வெளியே வர முடியாது.

மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதி தெளிவாகவே சொல்கிறது: 1.5 மீட்டரோ அதற்கு மேலோ ஆழம் என்றால் பக்கங்களைப் படியாகச் சரித்து வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். 1.2 மீட்டரிலேயே ஏணி இருக்க வேண்டும். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். உங்கள் குழிக்கு அது 5 அடி. அடியில் குடைந்து மேல்மண்ணைத் தானாக விழவிடும் வேலை அறவே கூடாது. டிப்பரும் விளிம்புக்கு வரக் கூடாது. ராத்திரி மழை பெய்திருந்தால், காலையில் நீங்களே ஒரு சுற்று வந்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஆளை இறக்குங்கள்.

பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் குழிக்கு அருகில் இருந்தால் பொறியாளரைக் கூப்பிடாமல் தோண்டாதீர்கள். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் நனைந்த சுவர் வீடுகள்மேல் சரிந்து 17 பேர் இறந்ததை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கே: பட்டா நிலம்தானே, செம்மண்ணை விற்கலாமா? (பெரியநாயக்கன்பாளையம்)

ப: பட்டா இருந்தால் மட்டும் போதாது. மண்ணும் சிறுகனிமம்தான், வெட்டி விற்கக் கனிமவளத் துறை அனுமதியும், லாரி மண் ஏற்றிப் போக நடைச்சீட்டு என்ற அனுமதிச் சீட்டும் வேண்டும். மலையடிவாரக் கிராமங்களில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு வேறு இருக்கிறது. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளை 2021-இல் மூடியபிறகும், அவற்றுக்குச் செம்மண் எடுத்த குழிகள் அப்படியே கிடக்கின்றன. ஒருமுறை போய் எட்டிப் பாருங்கள், விற்கும் யோசனை பாதி குறையும்.

கே: குளத்து வண்டல் இலவசமாம். வீட்டு மனையை நிரப்பலாமா? (சூலூர்)

ப: வேண்டாம். அது விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் தருவது. அப்புறம், வண்டல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் தரை போட்டால் இரண்டு கோடையில் டைல்ஸ் தூக்கிக்கொள்ளும். மொரம்பு கொட்டி, அரையடி அரையடியாகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு (இடித்து) இறுக்குங்கள்.

கே: மேலே இருக்கும் மனைக்காரர் ஓடையை மூடி மட்டம் தட்டிவிட்டார். மழைத் தண்ணீர் எங்கள் சாளைக்குள் (தோட்டத்து வீடு) வருகிறது. (அவிநாசி)

ப: புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) எடுத்துப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் வட்டாட்சியரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். மழை பெய்யும்போதே போட்டோ எடுத்து வையுங்கள்; காய்ந்த பிறகு எடுத்த படத்துக்கு மதிப்பில்லை. ஆனால் முதலில் அவரோடு ஒருமுறை பேசுங்கள். குழாய் பதித்துத் தண்ணீருக்கு வழிவிட்டுத் தீர்ந்த சண்டைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கே: மனையின் நடுவில் ஒரு பனை, மேலே மின்கம்பி. மண் கொட்டி மனையை 3 அடி உயர்த்த வேண்டும். (பெருந்துறை)

ப: பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், முடிந்தால் வரைபடத்தை மாற்றி மரத்தை விட்டுவிடுங்கள். கம்பிதான் பெரிய கவலை. தரை 3 அடி ஏறினால் கம்பி 3 அடி இறங்கியதாகத்தான் கணக்கு. மண்ணைக் கொட்டிவிட்டு, தூக்கிய தொட்டியை இறக்காமலே நகர்கிற டிப்பர் ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கம்பியை உயர்த்தியோ மாற்றியோ தந்த பிறகு முதல் லோடு இறங்கட்டும்.