மாடிப்படிக்கு அடியில் என்ன இருக்கிறது?

ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர் பதிலளிக்கிறார்

கேள்வி: நங்கநல்லூரில் தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட கட்டடம் எங்களுடையது. கீழே முன்பக்கம் ஒரு பேக்கரி, ஒரு ஜெராக்ஸ் கடை, பின்பக்கம் பார்க்கிங். மேலே ஒன்பது வீடுகள். ஒரே மாடிப்படி, ஒரு லிஃப்ட். சங்கச் செயலாளர் மாடிக்கு ஒரு தீயணைப்பான் வாங்கி மாட்டிவிட்டு, “இனி கவலையில்லை” என்கிறார். தீ அபாய மதிப்பீடு என்று ஒன்று உண்டாமே, அது எங்களைப் போன்ற சின்னக் கட்டடத்துக்கும் தேவையா? யார் செய்வது?
– வாசகி, சென்னை

பதில்: தேவைதான் அம்மா. தீ எங்கே பிடிக்கலாம், பிடித்தால் எப்படித் தப்புவது என்று முன்கூட்டியே பார்த்துவைப்பதுதான் தீ அபாய மதிப்பீடு. செயலாளரைக் குறை சொல்லமாட்டேன். பல இடங்களில் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் தீயணைப்பான் எத்தனை இருக்கிறது என்பதை நான் கடைசியில்தான் கேட்பேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கீழே தீப்பிடித்தால் மூன்றாம் மாடிக்காரர் எந்த வழியாக வெளியே வருவார்? அதுதான் முதல் கேள்வி. உங்களுக்கு இருப்பது ஒரே படி. அங்கிருந்தே தொடங்குங்கள்.

பகலில் பார்த்துப் பயனில்லை. இரவு பத்து மணிக்கு, வண்டிகளெல்லாம் வந்து சேர்ந்த பிறகு இறங்கிப் பாருங்கள். நம் ஊர் அடுக்ககங்களில் ஈபி மீட்டர் பலகை பெரும்பாலும் படிக்கட்டுக்கு அடியிலோ அதை ஒட்டியோதான் இருக்கும். அதற்குக் கீழே பெட்ரோல் டேங்க்குகளோடு பைக் வரிசை. போதாததற்கு இப்போது அங்கேயே எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து மின்சார ஸ்கூட்டருக்கு ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுகிறார்கள். ஒரு பொறி விழுந்தால் அந்தப் படிக்கட்டு புகைபோக்கியாகிவிடும்.

டெல்லி உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று நடந்தது இதுதான். தீப்பிடித்தது தரைத்தளக் கார் நிறுத்தத்தில் இருந்த மின்மாற்றியில். புகை படிக்கட்டு வழியே பால்கனிக்கு ஏறியது. கூடுதல் இருக்கைகள் போடுவதற்காக பால்கனியில் ஒரு பக்கத்து வழியை அடைத்துவைத்திருந்தார்கள். 59 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது புகை.

ஆகவே வண்டிகளை மீட்டர் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். பலகையை நீங்கள் தொட வேண்டாம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வரவழைத்து, ஏசி எல்லாம் ஓடும் நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பழுப்பேறிய ஒயர், உருகிய முனை, கெட்ட மீன்போல ஒரு வாடை, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே சரிசெய்தாக வேண்டும். சார்ஜ் போடுவதற்குத் தனி இணைப்பு, தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), படியிலிருந்து விலகிய இடம்.

அப்புறம் படியேறிக்கொண்டே பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் செருப்பு ஸ்டாண்டு, பழைய பேப்பர் கட்டு, உடைந்த கட்டில். சாரல் அடிக்கிறதென்று படிக்கட்டு ஜன்னல்களை அக்ரிலிக் ஷீட் வைத்து அடைத்திருப்பார்கள். புகை வெளியேற இருந்த வழியும் போயிற்று. மொட்டை மாடிக் கதவில் பூட்டு, சாவி செயலாளர் வீட்டில், செயலாளர் ஊரில் இல்லை. உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் போதுமே! இரவில் இழுத்துப் பூட்டும் கொலாப்சிபிள் கேட்டுக்கும் இதே கதைதான்.

பேக்கரிக்காரரிடம் லைசென்ஸ் கேட்டால் ஃபிரேம் போட்டு மாட்டியதைக் காட்டுவார். நீங்கள் சிலிண்டரை எண்ணுங்கள். வணிக சிலிண்டரில் 19 கிலோ சமையல் வாயு. 100 கிலோவுக்கு மேல் சேர்த்துவைக்கத் தனி உரிமம் வேண்டும். ஐந்து வைத்தால் 95, ஆறாவது வந்ததும் எல்லை தாண்டிவிடும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். சிலிண்டர் பக்கத்தில் சம்ப்போ சாக்கடைத் திறப்போ இருந்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டு விதிகளில் உயரக் கட்டடம் என்பது 18.30 மீட்டருக்கு மேல். உங்களுடையது அதில் வராது, அவற்றுக்கான கூடுதல் தீப் பாதுகாப்பு விதிகள் உங்களைக் கட்டாயப்படுத்தாது. அதனால்தான் நீங்களே பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். மதிப்பீட்டின் முதல் சுற்றைச் சங்கமே செய்யலாம்: என்ன குறை, யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள். ஒரு நோட்டில் எழுதுங்கள், கடைக்காரர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். பிறகு உங்கள் பகுதி தீயணைப்பு நிலையத்துக்குக் கடிதம் கொடுத்து, வந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: என் அப்பாவால் படி இறங்க முடியாது. தீப்பிடித்தால் லிஃப்டில் அழைத்துப் போகலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடவே கூடாது. 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேர் இறந்தார்கள், லிஃப்டில் சிக்கியிருந்தார்கள். மின்சாரம் போனால் லிஃப்ட் நடுவழியில் நிற்கும், அது ஏறி இறங்கும் குழாய் போன்ற வழியாகவே புகையும் ஏறும்.

படியில் புகை இல்லையென்றால், கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி இறக்கலாம். அந்த இரண்டு பேர் யாரென்று இப்போதே முடிவு செய்து, ஒருமுறை தூக்கியும் பாருங்கள். படியில் புகை வந்துவிட்டால் இறங்க வேண்டாம். வாசல் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத் துணியைத் திணித்துவிட்டு, தெருப்பக்கத்து பால்கனிக்கு அவரைக் கொண்டுபோங்கள். 101க்கோ 112க்கோ அழைக்கும்போது முகவரியோடு, உதாரணமாக, “இரண்டாம் மாடி, நடக்க முடியாதவர் இருக்கிறார், தெருப்பக்க பால்கனி” என்று சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் ஏணியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தேட வேண்டியிருக்காது.