பிடித்துத் தைப்பதா, புதிதாக எடுப்பதா?

கேள்வி: எட்டு மாதத்தில் என் கணவர் 14 கிலோ, நான் 9 கிலோ குறைந்திருக்கிறோம். அவருக்கு பேன்ட் இடுப்பு 38-இல் இருந்து 34 ஆகிவிட்டது. 44 சட்டை போட்டவருக்கு இப்போது 40 சரியாக இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று கிலோ குறைக்கும் எண்ணமும் இருக்கிறது. அலமாரி நிறைய நல்ல துணிகள். சோதனைக்கு ஒரு பேன்டை ஆல்டர் செய்யக் கொடுத்தோம். இடுப்பு சரியாகிவிட்டது, ஆனால் பின்பக்கப் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன, பக்கவாட்டுப் பாக்கெட்டில் கைவிட்டால் கை பின்னால் போகிறது. என் பிளவுஸ்களைப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்தும், முன்பக்கம் காலியாகக் கூம்பி நிற்கிறது. எல்லாவற்றையும் ஆல்டர் செய்யலாமா, கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்குவதுதான் வழியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எத்தனை கிலோ குறைந்தது என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. துணி எந்த இடத்தில் தொளதொளக்கிறது என்று பாருங்கள். பக்கவாட்டிலும் இடுப்பிலும் மட்டும் தொங்கினால் ஆல்டர் செய்யலாம். தோள், கழுத்து, கை வளைவு, பேன்டின் சீட் (பிட்டப் பகுதி) என்று உடையின் சட்டகமே பெரிதாக நின்றால், எவ்வளவு கெட்டிக்காரத் தையற்காரர் கையில் கொடுத்தாலும் அது இரவல் வாங்கிப் போட்டதுபோலத்தான் இருக்கும்.

உங்கள் கணவரின் பேன்டுக்கு நேர்ந்தது இதுதான். பேன்ட் இடுப்பைக் குறைக்க எளிதான இடம் பின்பக்க நடுத்தையல். பெரும்பாலான பேன்ட்களில் இடுப்புப் பட்டியும் அந்த இடத்தில் இரண்டு துண்டாகத்தான் சேர்ந்திருக்கும். பெல்ட் நுழைக்கும் நடு லூப்பைக் கழற்றி, பட்டியைப் பிரித்து, தையலை உள்ளே தள்ளி, சீட் வளைவு வரை படிப்படியாகக் கரைத்துக்கொண்டு வந்தால் வேலை முடிந்தது. ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு. மொத்தச் சுற்றளவில் 2 இன்ச், மிஞ்சினால் இரண்டரை. நீங்கள் குறைக்கச் சொன்னது 4 இன்ச். அவ்வளவையும் நடுவிலேயே எடுத்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் 2 இன்ச் நடுவை நோக்கி நகரும். பக்கவாட்டுத் தையலும் கூடவே பின்னால் இழுபடும். கை பின்னால் போவது அதனால்தான்.

அந்த பேன்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். உபரித் துணியை வெட்டாமல் விட்டிருந்தால் பிரித்து 36-க்குக் கொண்டுவந்துவிடலாம், எடை குறைந்து கொண்டிருக்கும்வரை பெல்ட்டோடு போட்டுக்கொள்ள அது போதும். மீதி 2 இன்ச்சைப் பக்கவாட்டில் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கே பாக்கெட் இருக்கிறதே! பாக்கெட்டைப் பிரித்து, நகர்த்தி, திரும்பப் பொருத்துவதற்குள் பாதி பேன்டைப் புதிதாகத் தைத்த வேலை ஆகிவிடும். விலையுயர்ந்த கம்பளித் துணியாக இருந்தால் ஒழிய அதில் இறங்க வேண்டாம்.

இடுப்போடு சீட்டையும் பார்க்க வேண்டும். பேன்டை மாட்டி, இடுப்பை ஊக்குபோட்டுப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி முன் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். பிட்டத்துக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் துணி மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறதா? ஒரு இன்ச் அளவுக்கு என்றால் பின்தொடையின் உள்தையலில் கொஞ்சம் எடுத்துச் சரிசெய்யலாம். கை நிறையப் பிடிக்க வருகிறது, கவட்டுப் பகுதியும் கீழே இறங்கிவிட்டது என்றால் அந்த பேன்டை விட்டுவிடுங்கள். இடுப்பிலிருந்து கவட்டு வரையிலான ஆழத்தை வெட்டும்போதே தீர்மானித்துவிடுவார்கள். அதைக் குறைக்க வேண்டுமானால் பட்டி முழுவதையும் கழற்றி, மேலே வெட்டி, ஜிப்பையும் சிறிதாக்க வேண்டியிருக்கும்.

ஜீன்ஸ் இன்னும் கறார். இடுப்புப் பட்டி ஒரே நீளத் துண்டு, பின்தையல் இரட்டைத் தையல் போட்டு மடித்தது, பாக்கெட் மேலே ஒட்டித் தைத்தது. ஒன்று, ஒன்றரை இன்ச் வரை எடுத்து, பட்டியில் விழும் ஒட்டுத் தையலை நடு லூப்புக்கு அடியில் மறைத்துவிடலாம். அதற்கு மேல் வேண்டாம். கொடுக்கும்போது நூல் நிறத்தையும் பருமனையும் பார்த்துச் சொல்லுங்கள். சாதாரண நூலில் தைத்தால் ஆல்டர் செய்தது தூரத்திலிருந்தே தெரியும்.

சட்டைக்கு வருவோம். தோள் எலும்பு மெலிவதில்லை. அப்படியானால் 44 சட்டையின் தோள் ஏன் இறங்கி நிற்கிறது? ரெடிமேடில் அளவு ஏற ஏற மார்பு மட்டுமல்ல, தோள், கழுத்து, கை வளைவு எல்லாமே சேர்ந்து ஏறும். அளவெடுத்துத் தைத்த சட்டையில் தோளை அவர் எலும்புக்கே வெட்டியிருப்பார்கள், வயிற்றுக்கு மட்டும் அகலம் விட்டிருப்பார்கள். அதனால் ஒரே எடைக் குறைவுக்கு தைத்த சட்டை பிழைத்துக்கொள்ளும், ரெடிமேட் சட்டை பிழைக்காது. அலமாரியைப் பிரிக்கும்போது முதலில் இந்த இரண்டு குவியலாகப் போடுங்கள்.

பிறகு ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்கச் சொல்லி, தோள் தையல் எங்கே விழுகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். எலும்பு முனையைத் தாண்டி அரை இன்ச் வரை இறங்கியிருந்தால் பரவாயில்லை. ஒரு இன்ச் என்றால் கையைக் கழற்றி, கை வளைவை மறுபடி வெட்டி, கையின் மேல் வளைவையும் அதற்கேற்பக் குறைத்துப் பொருத்த வேண்டும். கிட்டத்தட்ட புதுச் சட்டை தைக்கும் கூலி. காலரில் பட்டன் போட்ட பிறகு இரண்டு விரல் நுழைந்தால் சரி. நான்கு விரல் நுழைந்தால் பட்டனைக் கால் இன்ச், அரை இன்ச் நகர்த்திப் பார்க்கலாம். அதற்கு மேல் நகர்த்தினால் காலரின் இரண்டு முனைகளும் நடுவிலிருந்து விலகிக் கோணும். காலரையே சிறிதாக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே கேன்வாஸ் வைத்து ஒட்டியது அது.

தோளும் கழுத்தும் தேறிய சட்டைகளுக்குப் பக்கவாட்டுத் தையல் போதும். கணக்கில் பலர் ஏமாறும் இடம் இது: ஒரு பக்கம் அரை இன்ச் உள்ளே தைத்தால் முன்துணியில் அரை, பின்துணியில் அரை என்று ஒரு இன்ச் போகும். இரண்டு பக்கமும் சேர்த்து 2 இன்ச். "ஒரு பக்கத்துக்கு ரெண்டு இன்ச் பிடிங்க" என்று சொன்னால் 8 இன்ச் காணாமல் போயிருக்கும். அதனால் தையற்காரரிடம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள். தைத்து முடித்தபின் மொத்தச் சுற்றளவு எவ்வளவு நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அந்தத் தையல் அக்குளோடு நின்றுவிடவும் கூடாது. சட்டையின் பக்கத்தையலும் கையின் அடித்தையலும் ஒரே கோடு. அக்குளில் நிறுத்தினால் அங்கே துணி குவிந்து சுருங்கும். கையின் உள்ளே மூன்று நான்கு இன்ச்சாவது போய்க் கரைய வேண்டும். மொத்தம் 4 இன்ச்சுக்கு மேல் எடுத்தால் மார்புப் பாக்கெட் அக்குள் பக்கம் ஒதுங்கிவிடும். முதுகில் மட்டும் துணி உப்பி நின்றால், தோள்பட்டைக்குக் கீழே தொடங்கி இடுப்பில் அகன்று மறுபடி குறுகும் இரண்டு டாட் (துணியை உள்ளே மடித்து, முனை கூராக முடியும்படி தைக்கும் பிடிப்பு) பிடித்தால் பக்கத்தையலைத் தொடவே வேண்டாம். கட்டம் போட்ட துணியில் அது கோடுகளை உடைத்துக் காட்டும், பிளெயின் துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பிளவுஸ். முன்பக்கம் கூம்பி நிற்பதற்குக் காரணம் பக்கவாட்டில் இல்லை, டாட்டில் இருக்கிறது. பழைய மார்பளவுக்கு ஆழமாகப் பிடித்த டாட் அப்படியே இருக்க, பக்கத்தை மட்டும் இறுக்கினால் சுற்றளவு குறையும், குவிவு குறையாது. உள்ளே நிரப்ப ஆளில்லாமல் முனை காற்றில் நிற்கும். வரிசையை மாற்றுங்கள். முதலில் பக்கத்தையலைப் பிரித்துவிட்டு, டாட்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அரைக்கால் அல்லது கால் இன்ச் ஆழம் குறைத்துப் பிடிக்க வேண்டும். முனை மார்பின் உச்சிக்கு அரை இன்ச் முன்பே முடிய வேண்டும், உச்சியைத் தொட்டால் மறுபடி கூம்பும். டாட்டைக் குறைத்ததில் சுற்றளவு கொஞ்சம் கூடியிருக்கும். அதைக் கடைசியில் பக்கவாட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பக்கவாட்டில் பிடிக்கும்போது பழைய தையல் வரி உள்ளே மறைந்துவிடும். டாட்டைக் குறைக்கும்போதோ பழைய வரி வெளியே வந்துவிடும், நடு மார்பில். பருத்தித் துணியென்றால் ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்து, ஊசித் துளைகளை நகத்தால் மெல்லத் தேய்த்தால் இழைகள் கூடிவிடும். பட்டு, சாட்டின், வெல்வெட்டில் துளை துளையாகவே நிற்கும். பட்டு பிளவுஸில் டாட்டைப் பிரிப்பதற்கு முன், உள்தையல் ஓரத்தில் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு இன்ச் பிரித்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். துளை மறையவில்லை என்றால் அந்த பிளவுஸைத் தொடாதீர்கள்.

முன்கழுத்து அகன்று வாய் பிளந்து நின்றால், தோள் தையலைக் கழுத்துப் பக்கம் மட்டும் பிரித்துக் கால் இன்ச் தூக்கி, கைப் பக்கம் போகும்போது ஒன்றுமில்லாமல் கரைத்துவிடச் சொல்லுங்கள். கையைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் எதையும் கொடுப்பதற்கு முன் உள்ளாடையை மாற்றிவிடுங்கள். கடைசிக் கொக்கியில் மாட்டியும் பட்டை மேலே ஏறுகிறது என்றால் அது உங்கள் அளவு இல்லை. அதைப் போட்டுக்கொண்டு அளவு கொடுத்தால் உச்சி இருக்கும் இடமே தப்பாக விழும். சீர்செய்யாமல் நேரே புதிதாக வாங்க வேண்டியவற்றில் அதுதான் முதலில்.

சுடிதார் டாப்பில் தோள் சரியாக இருந்தால் பக்கத்தில் தாராளமாகப் பிடிக்கலாம். சைடு ஓபன் தொடங்கும் இடத்தில் தையலைத் திடீரென்று வெளியே கொண்டுவந்தால் அங்கே மூக்குபோலத் துருத்தும். ஓபனின் மடிப்பையும் நாலைந்து இன்ச் பிரித்துத்தான் புதுக்கோட்டில் சேர்க்க வேண்டும். மணி, சமிக்கி வேலை உள்ளதென்றால் தையல் விழும் கோட்டில் இருப்பவற்றை முதலில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஊசி உடையும். டி-ஷர்ட்டுக்கு மெனக்கெட வேண்டாம், வீட்டில் போட்டுக்கொள்ளலாம். எலாஸ்டிக் வைத்தவை எல்லாம் லாபம்: இடுப்பைவிட இரண்டு மூன்று இன்ச் குறைவாகப் புது எலாஸ்டிக் வெட்டி, முனைகளை ஒரு இன்ச் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்து மாற்றினால் பழைய பைஜாமா புதிதாகிவிடும்.

எப்போது செய்வது? இன்னும் இரண்டு மூன்று கிலோ குறைக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இப்போது அவருக்கு இரண்டு பேன்ட், மூன்று சட்டை, உங்களுக்கு அன்றாடம் கட்டுவதற்கு வேண்டிய பிளவுஸ், அவ்வளவுதான். அவற்றையும் பெரிய தையலில், உபரித் துணியை வெட்டாமல் பிடிக்கச் சொல்லுங்கள், பிரிப்பது சுலபம். எடை இரண்டு மூன்று மாதம் ஒரு கிலோ முன்பின்னாக ஒரே இடத்தில் நின்ற பிறகு மீதியை எடுங்கள். அப்போதும் உள்ளே ஒரு இன்ச்சாவது விடுவது நல்லது. தடிப்பாகத் தெரிகிறது என்று சொல்லி மொத்தமாக வெட்டி ஓவர்லாக் அடித்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. துணியைக் கொடுக்கும்போதே "வெட்ட வேண்டாம்" என்று ரசீதில் எழுத வையுங்கள்.

கொடுக்கும் முன் துவைத்துக் காயவைத்த துணியாக இருக்கட்டும். ஊக்குபோட்டுப் பார்க்கும்போது நின்றால் மட்டும் போதாது. உட்கார்ந்து, கையைத் தூக்கி, குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், நிற்கும்போது கச்சிதமாக இருப்பது உட்கார்ந்ததும் பட்டனை இழுக்கும். தொப்பைக்குக் கீழே பேன்ட் போட்டவருக்கு இப்போது அது மேலே ஏறி நிற்கும், நீளம் குறைந்ததுபோலத் தெரியும். அதனால் கால் நீளத்தைக் கடைசியில், ஷூ போட்டுக்கொண்டு பாருங்கள்.

கூலிக்கு எங்கள் கணக்கு இது: அதே தரத்தில் புதிது வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் செய்யலாம். பாதியைத் தாண்டினால், அந்தத் துணி உங்களுக்கு மிகவும் வேண்டியதாக இருந்தால் மட்டும். இரண்டு அளவுக்கு மேல் இறங்கிய ரெடிமேட் உடைகளை, தோள் சோதனையில் தோற்றவற்றை, யோசிக்காமல் இப்போதே கொடுத்துவிடுங்கள். நன்றாக இருக்கும்போது கொடுத்தால்தான் இன்னொருவருக்குப் பயன்படும்.

பெல்ட்டுக்கு ஆணி வைத்துத் துளை போட்டிருப்பீர்கள். நான்கு இன்ச் குறைந்தால் வால் முதுகு வரை போகும். அதை முனையில் வெட்டாதீர்கள், வடிவம் போய்விடும். பக்கிள் பக்கம் திருகோ கிளிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழற்றி, அங்கே 4 இன்ச் வெட்டி, பக்கிளைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம், நடுத்துளை மறுபடி நடுவிலேயே விழும்.