கல்லா காலியானால்தான் கடை சாயும்: கிராமத்துச் சிறு தொழில் கேள்வி பதில்

சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. கஷ்ட காலத்தில் கிராமத்துத் தொழிலை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடன் கொடுக்காவிட்டால் ஆள் வருவதில்லை, கொடுத்தால் பணம் வருவதில்லை. என்ன செய்வது?

கடன் கிடையாது என்று போர்டு மாட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளும் கூட்டுறவுக் கடை திறந்தபோது, கைக்காசுக்கு மட்டுமே விற்பனை என்று விதி வைத்தார்கள். வாங்குகிறவர்களே அங்கே முதலாளிகள், அதனால் அந்த விதி நின்றது. தனியாகக் கடை நடத்தும் உங்களுக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் ஒரு பாக்கி வராமல் போனால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். 100-க்கு விற்றால் 10 லாபம் என்று வைத்துக்கொள்வோம். 1,000-க்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் வரவில்லை என்றால் உங்கள் கைமுதலில் 900 போயிற்று. அந்த 900-ஐ லாபத்திலிருந்து எடுக்க இன்னும் 9,000-க்கு விற்க வேண்டும்.

அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரம்பு வையுங்கள். கடன் நோட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தத் தொகையை எழுதிவிடுங்கள். வரம்பைத் தொட்டதும், பழைய பாக்கியில் கொஞ்சமாவது கட்டினால்தான் புதுச் சரக்கு. யாருக்கு என்றைக்குக் கூலி வரும், அறுவடைப் பணம் எந்த வாரம் கைக்கு வரும் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியாததா? அன்றைக்கே கேளுங்கள். பத்து நாள் கழித்துப் போனால் அந்தப் பணம் வேறு எங்காவது போயிருக்கும். அப்புறம், நோட்டில் எழுதும்போது அவர் கண்முன்னாலேயே எழுதி, மொத்தப் பாக்கியை வாய்விட்டுச் சொல்லுங்கள். கணக்குத் தகராறில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

கேள்வி: பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் செய்கிறேன். மழை பொய்த்ததால் விவசாயிகள் யாரிடமும் பணம் இல்லை. எனக்கும் வேலை இல்லை.

கிராமத்துத் தொழிலின் பெரிய சிக்கலே இதுதான். விளைச்சல் போனால் உங்கள் வாடிக்கையாளர், அவருக்குக் கைமாற்று கொடுக்கிறவர், உங்களுக்குக் கொடுக்கக்கூடியவர் எல்லார் கையும் ஒன்றாகக் காலியாகிறது. அதே ஆட்களிடம் இன்னும் பாடுபட்டு உழைத்து இதைச் சரிக்கட்ட முடியாது. மழையை நம்பாத ஒரு வரவு வேண்டும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர்த் தொட்டி எல்லாவற்றிலும் மோட்டார் ஓடுகிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் மின்விசிறி ஓடுகிறது. அந்த வேலைகளில் லாபம் குறைவாக இருக்கலாம். பரவாயில்லை, வாடகையும் மின்கட்டணமும் கட்டுகிற அளவுக்கு அதில் வந்தால் மோசமான பருவத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

தனியாகச் சமாளிக்க முடியாததைச் சேர்ந்து சமாளித்தவர்களும் உண்டு. ஜெர்மனியில் 1846-47 பஞ்சத்தின்போது ஊர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் ரைஃபைசன். முதலில் வசதியானவர்களின் உதவியைத் திரட்டி ஏழைகளைக் காப்பாற்றினார். தானத்தை மட்டும் நம்பி வெகுதூரம் போக முடியாது என்று பின்னால் கண்டுகொண்டு, 1864-இல் ஹெடஸ்டார்ஃபில் கடன் சங்கம் தொடங்கினார். கடன் வாங்குகிறவர்களே அதன் உறுப்பினர்கள். சங்கத்தின் கடனுக்கு எல்லோரும் சேர்ந்து பொறுப்பு. ஒருவரையொருவர் தெரிந்த சுற்றுவட்டாரத்துக்குள் மட்டுமே பணம் போனது. அதன் பலவீனமும் அங்கேதான்: ஊரே ஒரு மழையை நம்பியிருந்தால் சங்கமும் சேர்ந்து தள்ளாடும். பல ஊர்ச் சங்கங்களை இணைக்கிற மத்திய வங்கிகளையும் பின்னாளில் அவர் உருவாக்கினார். ஓர் ஊரில் மிஞ்சிய பணம் தட்டுப்பாடான ஊருக்குப் போக அப்படி வழி பிறந்தது. நீங்கள் சங்கத்தில் சேருவதாக இருந்தால், வேறு வேறு தொழில் செய்கிறவர்கள் இருக்கிற சங்கமாகப் பார்த்துச் சேருங்கள்.

கேள்வி: தையல் கடை. ஆர்டர் குறைந்துவிட்டது. கூலியைக் குறைத்தால் ஆள் வருமா அக்கா?

வரலாம். வந்தாலும் போதுமா என்று பாருங்கள். 100-க்குத் தைத்தால் நூல், மின்சாரம், உதவியாள் கூலி எல்லாம் போக 25 மிஞ்சுகிறது என்று வையுங்கள். 90-க்கு இறக்கினால் மிஞ்சுவது 15. முன்பு மூன்று துணியில் கிடைத்ததை எடுக்க இப்போது ஐந்து துணி தைக்க வேண்டும். வேலையே இல்லாத நேரத்தில் அவ்வளவு துணி எங்கிருந்து வரும்? பழைய துணியை மாற்றித் தைப்பது, கிழிசல் தைப்பது இவற்றை வாங்கிப் போடுங்கள். கஷ்ட காலத்தில் புதுத்துணி குறையும், இந்த வேலை கூடும்.

கேள்வி: அவசரத்துக்கு நாள் தவணைக் கடன் வாங்கலாமா? 10,000 என்று எழுதி 8,500 கையில் தருகிறார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும்.

வாங்காதீர்கள். 1,500-தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டுகிறீர்கள், முழுப் பணமும் உங்கள் கையில் நூறு நாள் இருப்பதில்லை. ஆண்டுக் கணக்கில் இந்த வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது. அதற்கு முன்னால் ஓடாத சரக்கை அடக்க விலைக்காவது தள்ளிவிடுங்கள். மொத்த வியாபாரியிடம் நேரில் போய்த் தவணை கேளுங்கள். பணம் கட்டவேண்டிய நாளுக்கு முன்பே போய்ச் சொல்கிறவரை அவர்கள் நம்புவார்கள், போனை எடுக்காதவரை நம்பமாட்டார்கள்.

கேள்வி: கயிறு திரிக்கிறோம். மொத்தத்தையும் ஒரே வியாபாரி எடுக்கிறார். பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. அவரைப் பகைக்காமல், கொஞ்சம் சரக்கை இன்னொருவருக்கு ஒழுங்காகக் கொடுத்து வாருங்கள். விலை சற்றுக் குறைந்தாலும் அந்த வழியை மூடாதீர்கள்.

கேள்வி: எந்தக் கட்டத்தில் கடையை மூடிவிடுவது நல்லது?

வீட்டுச் செலவுக்கு ஒன்றும் எடுக்காத மாதத்திலும் சரக்கு, வாடகை, கூலி மூன்றையும் விற்பனை தாங்கவில்லை, அடுத்த பருவத்திலும் மாறும் என்று தெரியவில்லை என்றால் யோசிக்கத்தான் வேண்டும். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. வீட்டு நகையும் நிலமும் கடைக்குள் போவதற்கு முன்பே முடிவெடுங்கள். புதுச் சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டு, இருப்பதை நிதானமாக விற்று, வேலையாளின் கூலியை முதலில் கொடுத்துவிடுங்கள். தராசு, தையல் மிஷின் மாதிரியான சாமான்களை மட்டும் அவசரப்பட்டு விற்காதீர்கள். மறுபடி தொடங்குகிறபோது அதே விலைக்குக் கிடைக்காது.