வாசகர் கேள்வி–பதில்: பில் மேசைக் கருவிகள்

கேள்வி: கடைக்குக் காசு லாச்சி ஒன்று வாங்கினோம். வயர் முனையில் டெலிபோன் பிளக் மாதிரி இருக்கிறது. கணினியில் அதைச் செருக இடமே இல்லை. திருப்பிக் கொடுக்கவா?
– வாசகர், புறக்கோட்டை

பதில்: கொடுக்க வேண்டாம். அந்த வயர் போக வேண்டிய இடம் பில் பிரிண்டர். அதன் பின்பக்கம் ‘டிகே’ என்றோ சின்ன லாச்சிப் படத்துடனோ ஒரு துவாரம் இருக்கும். பில் அடிக்கும்போது பிரிண்டர் அதன் வழியாக ஒரு கணம், பெரும்பாலும் 24 வோல்ட், அனுப்பும். உள்ளே சொலினாய்ட் என்ற மின்காந்தச் சுருள் கொக்கியை இழுக்க, ஸ்பிரிங் லாச்சியைத் தள்ளிவிடும்.

செருகியும் திறக்கவில்லையா? காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘டக்’ என்ற சத்தம் வந்தால் மின்சாரம் போகிறது. பெரும்பாலும் சாவி பூட்டிய நிலையில் இருக்கும், அல்லது சில்லறைத் தட்டு எங்கோ இடிக்கும். சத்தமே இல்லையென்றால் விண்டோஸில் அந்தப் பிரிண்டரின் ப்ராப்பர்டீஸுக்குப் போய், கேஷ் டிராயர் என்ற இடத்தில் ‘அச்சிடுமுன் திற’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பல டிரைவர்களில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்களில்) அது அணைத்தே வரும். அதுவும் சரியென்றால் வோல்ட்டைப் பாருங்கள். சிறிய பிரிண்டர்கள் சில 12 வோல்ட்டில் ஓடுபவை. 24 வோல்ட் லாச்சியை இழுக்க அவற்றுக்குப் பலம் போதாது. மறுபக்கமாக, 12 வோல்ட் லாச்சிக்கு 24 கொடுத்தால் சுருள் கருகலாம்.

வயர் எட்டவில்லை என்று வீட்டு டெலிபோன் வயரை மாட்டாதீர்கள். கம்பிகளின் எண்ணிக்கையும் வரிசையும் வேறு. டெலிபோன் லைனை அந்தத் துவாரத்தில் செருகுவது அதைவிட மோசம்.

கேள்வி: ஸ்கானர் பிஸ்கட், சவர்க்காரம் எல்லாவற்றையும் ஒழுங்காக வாசிக்கிறது. நாங்களே ஒட்டிய லேபிள்களில் மட்டும் தமிழ் எழுத்துகள் கன்னாபின்னாவென்று வருகின்றன. ஸ்கானர் பழுதா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஸ்கானரில் குறையில்லை. கணினியின் கண்ணுக்கு அது இன்னொரு கீபோர்ட், அவ்வளவுதான். கீபோர்ட் தமிழில் நிற்கும்போது ஸ்கானர் ஆங்கில ‘ஏ’ (A) என்று அனுப்பினால் அந்த விசைக்குரிய தமிழ் எழுத்துத்தான் விழும். 479 என்று தொடங்கும் இலங்கைப் பார்கோடுகள் 13 இலக்கங்கள் மட்டுமே என்பதால் தப்பிவிடுகின்றன. உங்கள் லேபிளில் ஆங்கில எழுத்தும் கலந்திருக்கும். பில் போடும்போது கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள், கேப்ஸ் லொக்கையும் அணையுங்கள். இன்னும் நல்லது, லேபிள்களுக்கு இலக்கம் மட்டும் வைப்பது.

வாசித்த பிறகு என்டர் தட்ட வேண்டியிருந்தால், ஸ்கானரோடு வந்த கையேட்டில் என்டர் சேர்க்கும் பார்கோடு ஒன்று இருக்கும். அதை ஒருமுறை வாசிக்கவிட்டால் போதும். கியூஆர் வாசிக்க வேண்டுமென்றால் ‘டூ டி’ ஸ்கானர் தேவை. சிவப்புக் கோடு போடும் லேசர் வகைக்கு அது முடியாது.

கேள்வி: 58 மில்லிமீற்றர் பிரிண்டரா, 80 ஆ? தமிழில் பொருட் பெயர் அடித்தால் கேள்விக்குறியாக வருகிறதே?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: 80 வாங்குங்கள். 58 மி.மீ. றோலில் உண்மையில் அச்சு விழுவது 48 மி.மீ. அகலத்தில்தான், ‘தேங்காய் எண்ணெய்’ எழுதினால் விலைக்கு இடமிருக்காது. 80 இல் 72 மி.மீ. கிடைக்கும்.

கேள்விக்குறிக்குக் காரணம், பிரிண்டருக்குள் பதிந்துள்ள எழுத்துருக்களில் தமிழ் இல்லாதது. மென்பொருள் பில்லைப் படமாக அனுப்ப வேண்டும். வாங்குமுன் கடையிலேயே ஒரு தமிழ் பில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். படமாக அடிக்கும்போது வேகம் சற்றுக் குறையும்.

கேள்வி: புது றோல் போட்டதும் பில் வெறுமையாக வருகிறது.
– வாசகர், தெகிவளை

பதில்: தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். பில் பிரிண்டர் மையால் அல்ல, சூட்டால் அச்சிடுகிறது; சூடு பட்டால் கறுக்கும் பூச்சு தாளின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். தாளை நகத்தால் கீறுங்கள். கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் பிரிண்டரின் சூடாகும் அச்சுத் தலையைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் விழாவிட்டால் அது சாதாரணத் தாள், மாற்றி வாங்குங்கள்.

கேள்வி: 650 விஏ யூபிஎஸ் ஒன்றில் பில் கணினி, பில் பிரிண்டர், லேசர் பிரிண்டர் மூன்றையும் கொடுக்கலாமா?
– வாசகர், மருதானை

பதில்: முதல் இரண்டையும் கொடுங்கள். லேசர் பிரிண்டர் சூடாகும்போது பல நூறு வாட் இழுக்கும். யூபிஎஸ் கீச்சிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். அதை நேரே சுவர் பிளக்கில் போடுங்கள்.